அலமாரியின் பின்வரிசை

புத்தகம் வாங்கியதும் முதல் பக்கத்தின் மூலையில் பென்சிலால் மாதத்தையும் வருடத்தையும் குறித்து வைப்பது என் பழக்கம். ஆறு வருடங்களுக்கு முன்பு ஒரு மாலை, புதிதாக வாங்கி வந்த கட்டுரைத் தொகுப்பு ஒன்றில் அப்படிக் குறித்துவிட்டு அலமாரியில் இடம் தேடினேன். முன்வரிசையில் ஒரு விரல் நுழையவும் இடமில்லை. பின்வரிசையில் செருகலாம் என்று நாலைந்து புத்தகங்களை எடுத்துக் கீழே வைத்தேன். உள்ளே இருட்டில் அதே புத்தகம் நின்றிருந்தது. அதே முதுகு, அதே எழுத்து. இழுத்துத் திறந்தால் மூலையில் என் கையெழுத்து. நான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு மாதம். ஒரு தாளைக்கூடப் புரட்டிய தடம் இல்லை.

இரண்டு பிரதிகளையும் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஒரே புத்தகத்தை இரண்டு முறை வாங்கியது பெரிய விஷயமில்லை, யாருக்காவது கொடுத்துவிடலாம். நான்கு வருடத்துக்கு முன்பு அதை ஏன் வாங்கினேன் என்பதுதான் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. எதையோ தேடித்தான் வாங்கியிருப்பேன். யாரோ சொல்லியிருக்கலாம், எங்கோ ஒரு பத்தி படித்திருக்கலாம். அந்த ஆசை என்னைவிட்டு எப்போது போனது என்றே தெரியவில்லை. அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் விடுமுறை. எல்லாவற்றையும் இறக்கி எண்ணிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

படித்தவை ஒரு பக்கம், படிக்காதவை ஒரு பக்கம். பாதியில் விட்டவற்றையும் படிக்காதவற்றோடு சேர்த்துக்கொண்டேன். கூடத்துத் தரை முழுக்கப் பரவி, நடப்பதற்கு ஒற்றையடிப் பாதைதான் மிஞ்சியது. படிக்காதவை 214. எண்பது, தொண்ணூறு இருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

படித்து முடித்தவற்றை நாட்குறிப்பில் எழுதும் வழக்கம் இருந்ததால் அடுத்த கணக்கு எளிது. அதற்கு முந்தைய வருடம் முடித்தவை 22. அதே வருடம் வாங்கியவை 41. பென்சில் குறிப்புகளைப் பார்த்தே எண்ணிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் தொட்டிக் கணக்கு போட்டிருப்போமே, ஒரு குழாய் நிரப்பும், இன்னொரு குழாய் காலி செய்யும் என்று, அதேதான். இனி ஒன்றுகூட வாங்காவிட்டாலும் 214ஐப் படித்து முடிக்கப் பத்து வருடம் ஆகும். இப்படியே வாங்கிக்கொண்டிருந்தால் வருடத்துக்கு 19 கூடும்.

வரிசைகளைப் பற்றிய கணிதத்தில் ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய ஒரு விதி இருக்கிறது. வரிசையில் நிற்பவர்களின் சராசரி எண்ணிக்கை என்பது, அவர்கள் வந்து சேரும் வேகத்தையும் ஒருவர் காத்திருக்கும் சராசரி நேரத்தையும் பெருக்கினால் கிடைப்பது. கடைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பயன்படும் விதி. அதை என் அலமாரிக்குப் போட்டுப் பார்த்தேன். வருடத்துக்கு 22 வாங்கி 22 படித்து எல்லாவற்றையும் சமன் செய்துவிட்டாலும், வரிசையில் 214 நிற்கும்வரை, ஒரு புத்தகம் வீட்டுக்குள் வந்து என் கைக்கு எட்டுவதற்குச் சராசரியாகப் பத்து வருடம் ஆகும். இன்று ஒரு ஆர்வத்தில் வாங்குவதைப் பத்து வருடம் கழித்து வேறொரு மனநிலையில், வேறு கவலைகளோடு இருக்கும் ஒருத்திதான் திறப்பாள். இரண்டு பிரதிகளை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததன் காரணம் இந்தக் கணக்கில் தெளிவாகத் தெரிந்தது. படிக்கும் நேரத்தைவிட, படிக்கத் தூண்டிய ஆசைக்குத்தான் ஆயுள் குறைவு.

முதலில் எல்லோரையும் போல வேகமாகப் படித்தால் தீர்ந்துவிடும் என்றுதான் நினைத்தேன். மௌன வாசிப்பின் வேகத்தைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் தொகுத்து மார்க் பிரிஸ்பேர்ட் 2019இல் வெளியிட்ட கணக்குப்படி, ஆங்கிலத்தில் கட்டுரை நூல்களை நிமிடத்துக்குச் சராசரியாக 238 சொற்களும், கதைகளை 260 சொற்களும் படிக்கிறார்கள். தமிழுக்கு இதை அப்படியே வைக்க முடியாது. வேற்றுமையும் காலமும் இடமும் ஒட்டிக்கொண்டு நம் சொற்கள் நீளமானவை, அவர்களுடைய மூன்று நான்கு சொற்கள் நமக்கு ஒன்றாகிவிடும். அதனால் சொற்களை விட்டுவிட்டுப் பக்கங்களை எண்ணினேன். ஒரு வாரம் கடிகாரத்தை வைத்துப் பார்த்ததில் நாவல் என்றால் மணிக்கு 32 பக்கம், கட்டுரை 22, தத்துவம் 12 பக்கம்கூடத் தாண்டவில்லை. சராசரியாக ஒரு புத்தகத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம். தினமும் முக்கால் மணி நேரம் படிக்கிறேன். வருடத்துக்கு 22 என்பது அங்கிருந்துதான் வருகிறது. வேக வாசிப்புப் பயிற்சிகளைப் பற்றி 2016இல் கீத் ரெய்னரும் சக ஆய்வாளர்களும் விரிவாக எழுதினார்கள். வேகம் கூடினால் புரிதல் குறையும், இரண்டையும் ஒன்றாகப் பெற முடியாது என்பதுதான் அவர்கள் சொன்னது. சரி, காலி செய்யும் குழாயை இதற்குமேல் பெரிதாகத் திறக்க முடியாது என்று ஒத்துக்கொண்டேன். அன்றிலிருந்து மனதும் கொஞ்சம் லேசானது.

படிக்காமல் குவித்து வைப்பதற்கு ஜப்பானியர்கள் ‘சுன்டோகு’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். குவித்து வைப்பதற்கான சொல்லையும் படிப்பதற்கான சொல்லையும் பிணைத்து மெய்ஜி காலத்தில், அதாவது 1868க்கும் 1912க்கும் இடையில், உருவான சொல். இத்தாலிய எழுத்தாளர் உம்பர்த்தோ எக்கோவின் வீட்டில் 30,000 புத்தகங்கள் இருந்ததையும், படித்ததைவிடப் படிக்காத புத்தகங்களுக்கே மதிப்பு அதிகம் என்று அதை வைத்துக் கட்டுரையாளர் நசீம் தாலிப் எழுதியதையும் பலர் ஆறுதலாகச் சொல்வார்கள். எனக்கும் அந்த ஆறுதல் பிடிக்கும். படிக்காத புத்தகங்கள் கடன் அல்ல என்பதை மனதார நம்புகிறேன். ஆனால் எக்கோவுக்கு அந்த நூலகம் வேலை செய்யும் கருவி. ஒரு கேள்வி எழும்போது எடுத்துப் பார்க்கும் இடம். பின்வரிசையில் என்ன இருக்கிறது என்றே தெரியாத எனக்கு அந்த ஆறுதல் அப்போது பொருந்தவில்லை. இருப்பது தெரிந்தால்தானே தேவைப்படும்போது எடுக்க முடியும்?

அன்று மதியம் தம்பி வந்தான். வாசலிலேயே நின்று, “என்னக்கா, வீடு மாத்துறியா?” என்றான். ஒற்றையடிப் பாதையில் நடந்து வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்தான். அவன் அவ்வளவாகப் படிக்கிறவன் இல்லை. கைக்கு வந்த ஒன்றை எடுத்து, “இது எதுக்கு வாங்கின?” என்று கேட்டான். சொன்னேன். இன்னொன்றை எடுத்து, “இது?” என்றான். அதற்கும் பதில் இருந்தது. மூன்றாவதுக்கு யோசிக்க வேண்டியிருந்தது. நான்காவதுக்குப் பதிலே இல்லை. அவன் சாதாரணமாகத்தான் கேட்டான், ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு வழி கிடைத்துவிட்டது. பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கிழித்துத் துண்டுச் சீட்டுகளாக வெட்டினேன். ஒவ்வொரு புத்தகத்தையும் கையில் எடுத்து, ஏன் வாங்கினேன் என்பதை ஒரே ஒரு வரியில் எழுதி உள்ளே வைத்தேன். மூன்று நாள் ஆனது.

‘வரலாறு பிடிக்கும்’ என்பதைப் போலப் பொதுவாக எழுதினால் பயனில்லை. ‘பஞ்சங்களின்போது தானியம் எங்கே போனது என்று தெரிய வேண்டும்’ என்று கேள்வியாக எழுதினால்தான் அந்த ஆசை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்க முடியும். எழுதும்போதே தெரிந்துவிடும். சில வரிகள் தானாக ஓடி வந்தன, சிலவற்றுக்குப் பென்சில் நகரவே இல்லை.

மூன்றாம் நாள் முடிவில் நான்கு குவியல்கள். முதல் குவியலில் 38. அகராதிகள், கலைக்களஞ்சியத் தொகுதிகள், இலக்கண நூல்கள், தாவரங்களின் படப்புத்தகங்கள். இவற்றை யாரும் முதலிலிருந்து கடைசிவரை படிப்பதில்லை. தேவைப்படும்போது திறக்கிறேன், அப்படியென்றால் அவை பயன்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. இத்தனை நாளும் இவற்றையும் ‘படிக்காதவை’ என்று எண்ணி வீணாக மனம் நொந்திருக்கிறேன். இந்தக் குவியலை உங்கள் வீட்டிலும் தனியே பிரித்துப் பாருங்கள், மலை பாதி குறையாவிட்டாலும் உச்சி குறையும்.

ஆசை இன்னும் உயிரோடு இருந்தவை 61. ஆசை போய்விட்டது என்று சந்தேகமில்லாமல் தெரிந்தவை 70. இந்த எழுபதில்தான் என் பழைய நாட்கள் எல்லாம் இருந்தன. நீர்வண்ண ஓவியம் கற்றுக்கொள்வதற்கான ஐந்து புத்தகங்கள் ஒரே வருடத்து பென்சில் குறிப்போடு இருந்தன. அந்த வருடம் நான் உண்மையிலேயே தூரிகை பிடித்தேன், மூன்று மாதம். அந்த ஐந்தையும் அலமாரியில் வைத்திருந்ததால் ஓவியம் எனக்குள் எங்கோ நிலுவையில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அவற்றை வெளியே எடுத்து வைத்தது மற்ற எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. ஒரு புத்தகத்தைக் கொடுப்பது போல இல்லை அது, ஒரு காலத்தில் ஆக நினைத்த ஆளை வழியனுப்புவது போல இருந்தது. வாரம் தவறாமல் வரைகிற ஒரு பெண்ணுக்குக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது அதில் ஒன்றின் ஓரங்களில் நீலமும் பச்சையுமாக விரல் தடங்கள் இருந்தன. அதைப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த நிம்மதியைச் சொல்ல முடியாது.

நூலகர்கள் இந்த வேலையைக் களையெடுத்தல் என்கிறார்கள். 1976இல் டெக்சாஸ் மாநில நூலகம் வெளியிட்ட கையேட்டின் வழிவந்த முறை ஒன்று இன்றும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் உள்ளது. தகவல் தவறாகிப்போனது, பிரதி சிதைந்துபோனது, புதிய பதிப்பு வந்துவிட்டது, ஆழமில்லாதது, வாசகர்களுக்குத் தொடர்பில்லாதது, வேறு இடத்தில் எளிதாகக் கிடைப்பது என்று ஆறு காரணங்களைச் சொல்கிறது அது. வீட்டு அலமாரிக்குக் கடைசிக் காரணம்தான் பெரிய உதவி. நினைத்தால் நூலகத்தில் எடுத்துவிடலாம் என்ற புத்தகத்தைக் கட்டிக் காக்க வேண்டியதில்லை. மறுபதிப்பு காணாதது, எங்கும் கிடைக்காதது என்றால் ஆசை போயிருந்தாலும் அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். அப்படி இரண்டு புத்தகங்களைக் கொடுத்துவிட்டு இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

கொடுக்க மனசு வராதபோதெல்லாம் எஸ். ஆர். ரங்கநாதனைத்தான் நினைத்துக்கொண்டேன். நூலகவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931இல் நூலாக வந்தன. அதில் மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதன் வாசகர் என்பது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்ற இரண்டாவது விதி வாசகரின் பக்கம் நின்று பேசுகிறது, மூன்றாவது புத்தகத்தின் பக்கம் நின்று பேசுகிறது. என் பின்வரிசையில் நின்ற ஒரு புத்தகத்துக்கு எங்கோ ஒரு வாசகர் இருப்பார், நான் அவருக்குக் குறுக்கே நிற்கிறேன் என்று நினைத்ததும் கை தானாக நீண்டது.

மிச்சம் 45. ஏன் வாங்கினேன் என்று நினைவே இல்லாதவை. இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடலாம் என்று தோன்றியது. நல்லவேளை, செய்யவில்லை. ஒவ்வொன்றிலும் முன்னுரை, பொருளடக்கம், நடுவில் ஏதாவது ஒரு இயலின் இருபது பக்கம் என்று படித்துப் பார்த்தேன். இரண்டு மாதம் பிடித்தது. 28 விடைபெற்றன, 17 தங்கின.

தங்கியவற்றில் அந்த இரட்டைப் புத்தகமும் ஒன்று. மூன்றாவது கட்டுரையை எடுத்துப் படித்தேன். இறந்தவர்கள் விட்டுப்போன கடிதங்களை என்ன செய்வது என்பதைப் பற்றியது. முதல் பத்தி முடிவதற்குள் எல்லாம் திரும்பி வந்தது. அப்பா போன மூன்றாவது மாதம். அவருடைய பெட்டியில் கட்டுக் கட்டாகக் கடிதங்கள் இருந்தன. படிப்பதா, அப்படியே வைப்பதா என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தேன். தோழி ஒருத்தி தொலைபேசியில் இந்தக் கட்டுரையைச் சொல்லி, இதைப் படித்துவிட்டுப் பெட்டியைத் திற என்றாள். வாங்கினேன். திறக்கத் தைரியம் வரவில்லை. முன்னால் ஒரு வரிசை புத்தகங்கள் வந்து நின்று அதை மறைத்துவிட்டன. அன்றைக்கு ஒரு துண்டுச் சீட்டு உள்ளே இருந்திருந்தால் நான்கு வருடம் அந்தப் பெட்டி மூடியே கிடந்திருக்காது. அந்த வாரமே அப்பாவின் கடிதங்களைப் படித்தேன்.

அதன்பிறகு என் வீட்டில் இரண்டாம் வரிசை கிடையாது. ஒரு தட்டுக்கு ஒரே வரிசை, எல்லா முதுகும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மற்ற முறைகளில் சமரசம் செய்துகொண்டாலும் இதில் மட்டும் செய்வதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. பின்வரிசையை இறக்கியபோது ஒரு பழைய தொகுப்பின் அட்டையைத் திறந்ததும் சாம்பல் நிறத்தில் ஒன்று நெளிந்து ஓடியது. ராமபாணப் பூச்சி. புத்தகக் கட்டின் பசையையும் தாளின் மேற்பரப்பையும் தின்பது அது. முதுகின் உட்புறம் சுரண்டியதுபோல் இருந்தது, ஓரங்களில் ஒழுங்கற்ற சிறு ஓட்டைகள். இருட்டும் ஈரமும் யாரும் தொடாத அமைதியும்தான் அதற்கு வேண்டும். நெருக்கி அடுக்கிய பின்வரிசையில் மூன்றும் இருந்தன. காற்றின் ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் புத்தகத்துக்கு நல்லது என்பார்கள். வீட்டில் அவ்வளவு துல்லியமாக முடியாவிட்டாலும், அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வைப்பது, நேர் வெயில் படாமல் பார்ப்பது, வருடத்துக்கு இரண்டு முறை ஒவ்வொன்றையும் எடுத்துத் தட்டி விரித்து வைப்பது எல்லோராலும் முடியும். எடுக்கும்போது முதுகின் மேல் நுனியில் விரலைப் போட்டு இழுக்காதீர்கள், அந்த இடம்தான் முதலில் கிழியும். இரு பக்கத்துப் புத்தகங்களையும் சற்று உள்ளே தள்ளிவிட்டு, நடுவில் பிடித்து எடுங்கள்.

ஆக, மிஞ்சியவை 61உம் 17உம் சேர்த்து 78. என் வேகத்துக்கு மூன்றரை வருடம். கண்ணுக்கு எட்டும் தூரம்தான்.

இனி அடுத்த சிக்கல். ஒருமுறை காலி செய்வதால் தொட்டி காலியாகவே இருந்துவிடாது. அமெரிக்க அதிபராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் 1815இல் தன் நூலகத்தின் 6,487 தொகுதிகளை அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு விற்றுவிட்டு, விற்ற கையோடு மறுபடி சேர்க்கத் தொடங்கினார். புத்தகப் பிரியர்களின் குணம் அது. நிரப்பும் குழாயைத் திருகாமல் எந்த ஏற்பாடும் நிற்காது.

ஒன்றைப் படித்து முடித்தால்தான் ஒன்றை வாங்கலாம் என்று முதலில் சட்டம் போட்டேன். பலர் பரிந்துரைக்கும் முறைதான், நானும் ஏழு மாதம் கடைப்பிடித்தேன். பிறகு நாட்குறிப்பைப் பார்த்தால் அந்த ஏழு மாதத்தில் முடித்தவை எல்லாமே 150 பக்கத்துக்குள் இருந்தன. வாங்கும் உரிமை சீக்கிரம் கிடைக்க வேண்டும் என்பதற்காக மெல்லிய புத்தகங்களாகவே எடுத்திருக்கிறேன். வருடத்துக்கு இத்தனை என்று இலக்கு வைப்பதும் இதையேதான் செய்யும். என்னிடம் 900 பக்க நாவல் ஒன்று பதினொரு வருடமாகக் காத்திருந்தது. எண்ணிக்கையை முன்னால் வைக்கும் எந்த முறையிலும் அதற்கு முறை வராது. அந்தச் சட்டத்தைக் கைவிட்டேன். பிறகு அந்த நாவலை ஒரு நாளைக்குப் பத்தே பக்கம் என்று தொடங்கினேன். மற்றதை எப்போதும்போல் படித்துக்கொண்டே தொண்ணூறு நாளில் முடித்தேன். பதினொரு வருடம் பயந்தது தொண்ணூறு நாள் விஷயத்துக்கு.

எனக்குப் பலித்தது காத்திருப்புக் குறிப்பேடுதான். ஒரு புத்தகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் வாங்குவதில்லை. தேதி, யார் சொன்னார், என்ன கேள்வி என்று குறிப்பேட்டில் எழுதுகிறேன். அதாவது சீட்டு முதலில் வருகிறது, புத்தகம் பிறகுதான். மூன்று மாதம் கழித்து அந்த வரியைப் படிக்கும்போதும் மனம் துள்ளினால் வாங்குகிறேன். முதல் வருடம் 57 தலைப்புகள் எழுதினேன். மூன்று மாதத்துக்குப் பிறகும் வேண்டும் என்று தோன்றியவை 21. மற்ற 36ஐ வாங்கியிருந்தால் இன்று இன்னொரு தட்டு நிறைந்திருக்கும். எழுதி வைத்ததிலேயே அந்த ஆசைகள் அடங்கிவிட்டன. அரிதாகக் கிடைக்கும் பழைய பதிப்பு கண்ணில் பட்டால் மட்டும் மூன்று மாதம் காத்திருப்பதில்லை, அது நியாயமான விதிவிலக்கு.

நூலகத்தில் எடுத்துப் படிப்பது நல்ல வழி, திருப்பித் தர வேண்டிய தேதி நம்மைப் படிக்க வைக்கும். ஆனால் அதே தேதியால் நூலகப் புத்தகம் எப்போதும் வரிசையில் முந்திக்கொள்ளும், வீட்டில் இருப்பவை பின்னால் போய்க்கொண்டே இருக்கும். அதனால் ஒரு நேரத்தில் ஒன்றுக்குமேல் எடுப்பதில்லை.

படுக்கையருகே சிறிய மேசையில் ஐந்து புத்தகங்கள் மட்டும். 78ஐயும் பார்த்து அடுத்தது எது என்று ஒவ்வொரு இரவும் யோசிப்பது அலுப்பூட்டும். கடைசியில் தொலைபேசியைத்தான் எடுப்போம். ஐந்தில் ஒன்று என்றால் சுலபம். ஐந்தும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. ஒரு நாவல், ஒரு கட்டுரை நூல், கொஞ்சம் கனமான ஒன்று, கவிதை, அப்புறம் களைத்த நாளுக்கு இலகுவாக ஏதாவது. ஒன்று முடிந்தால்தான் அலமாரியிலிருந்து அடுத்தது வரும். அப்போது சீட்டுகளைப் புரட்டித்தான் தேர்ந்தெடுக்கிறேன், அட்டையைப் பார்த்து அல்ல.

பிடிக்காத புத்தகத்தை விடுவதற்கு நான்சி பேர்ல் என்ற அமெரிக்க நூலகர் சொன்ன கணக்கு எனக்கு உதவியாக இருந்தது. ஐம்பது வயதுவரை ஐம்பது பக்கம் படித்துப் பார்க்கலாம்; அதற்குமேல் நூறிலிருந்து வயதைக் கழித்தால் வரும் பக்கங்கள் போதும். அறுபது வயதுக்காரர் நாற்பது பக்கத்தில் முடிவெடுக்கலாம். நான் இதோடு ஒன்று சேர்த்துக்கொண்டேன். விடும்போது எந்தப் பக்கத்தில் விட்டேன், ஏன் விட்டேன் என்பதைச் சீட்டின் பின்புறம் எழுதுகிறேன். ‘பெயர்கள் அதிகம், குழப்பம், பக்கம் 47’ என்று எழுதி வைத்த ஒரு நாவலை இரண்டு வருடம் கழித்து, பெயர்களைத் தாளில் எழுதிக்கொண்டு தொடங்கினேன். அந்த வருடம் படித்ததில் அதுதான் சிறந்தது. அப்படி எழுதியிராவிட்டால் ‘நல்லா இல்லை’ என்ற நினைவு மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

மின்னூல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிண்டிலில் குவிவது கண்ணில் படாது, தூசியும் படியாது, அதனால் கவனிக்காமல் இருந்துவிடுவோம். முழு நூலைத் தரவிறக்காமல் மாதிரிப் பக்கங்களை மட்டும் எடுத்து வைக்கிறேன். மாதிரியைப் படித்து முடித்த இரவே மேற்கொண்டு படிக்கத் தோன்றினால்தான் வாங்குவது.

பட்டியலும் அவசியம். எல்லாவற்றையும் கணினியில் ஒரு அட்டவணையில் போட்டேன். பெயர், எழுதியவர், எந்தத் தட்டு, சீட்டில் உள்ள வரி. பின்னட்டையில் 978 என்று தொடங்கும் 13 இலக்க எண் இருந்தால் குட்ரீட்ஸ், லைப்ரரிதிங் போன்ற செயலிகளில் தொலைபேசியைக் காட்டியே ஏற்றிவிடலாம். பழைய பதிப்புகளில் அந்த எண் இருக்காது, கையால்தான் தட்ட வேண்டும். ஒரு வார வேலை. அந்த அட்டவணை தொலைபேசியில் இருப்பதால் இன்றுவரை இன்னொரு இரட்டைப் பிரதி வாங்கவில்லை.

போன வருடம் ஒரு காலை, பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் மகள் படியில் நின்றுவிட்டாள். மேற்கே வெளுத்த நிலா இருந்தது. “அம்மா, சூரியன் வந்த பிறகும் நிலா ஏன் போகல?” என்றாள். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தொலைபேசியில் அட்டவணையைத் திறந்து ‘நிலா’ என்று தேடினேன். ஒரு புத்தகம் இருந்தது, மூன்றாவது தட்டு. ஏழு வருடத்துக்கு முன்பு வாங்கியது. சீட்டில் என் கையெழுத்தில், ‘பகல் நிலாவை ஏன் யாரும் கவனிப்பதில்லை?’ என்று இருந்தது. அவள் அப்போது கைக்குழந்தை.

அன்று மாலையிலிருந்து தினமும் இருவரும் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தோம். நிலா ஒவ்வொரு நாளும் சராசரியாக ஐம்பது நிமிடம் தாமதமாக உதிக்கிறது. அதனால்தான் தேய்பிறையில் காலையில் மேற்கே நிற்கிறது, வளர்பிறையில் பொழுது சாயும் முன்பே கிழக்கில் தெரிகிறது. அவள் ஒரு மாதம் தினமும் மாடிக்குப் போய் நேரம் குறித்தாள். சில நாட்கள் மேகம், சில நாட்கள் மறந்துவிட்டாள். குறித்த நாட்களில் கணக்கு ஏறக்குறையச் சரியாகவே வந்தது.

புத்தகம் முடிந்ததும் சீட்டை எடுத்துவிடுவது வழக்கம். எடுக்கப் போனேன். “இரு” என்று வாங்கிக்கொண்டு, என் வரிக்குக் கீழே பென்சிலால் எழுதினாள்: ‘பௌர்ணமி நிலா மட்டும் ஏன் பகல்ல வரல?’ அதற்கும் அந்தப் புத்தகத்திலேயே பதில் இருந்தது, நாங்கள்தான் வேகமாகத் தாண்டியிருந்தோம். நான்காவது இயலுக்குத் திரும்பினோம்.